விசில், புழு, 79,449 டாலர் காகிதம்: ஹேக்கர் காலத்துக் கேள்விகள்

நான் சர்வர்களுக்குக் காவல் இருந்து ஓய்வுபெற்றவன். பழைய ஹேக்கர் காலத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். அடுத்தவர் கணக்கைத் திறக்க மட்டும் வழி கேட்காதீர்கள்.

கேள்வி: டப்பாவில் இனாமாக வந்த விசிலை ஊதி இலவசமாக ஃபோன் பேசினார்களாமே?

உண்மைதான். அமெரிக்காவின் வெளியூர் லைன்களில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால், லைன் காலியாகிவிட்டது என்று எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்ளும், அதன் பிறகு பேசுவதற்குக் கட்டணம் ஏறாது. 'கேப்டன் கிரஞ்ச்' தானிய டப்பாவில் கிடைத்த விசிலுக்கும் அதே சுருதி. பேச்சு போகும் கம்பியிலேயே கட்டளையையும் அனுப்பியதுதான் கோளாறு. கட்டளைக்குத் தனிப் பாதை போட்ட பிறகுதான் அந்த விளையாட்டு ஓய்ந்தது.

கேள்வி: என் தம்பியின் வாட்ஸ்அப்பைப் பார்க்க...

முடியாது.

கேள்வி: 1988இல் இணையத்தையே முடக்கிய மாணவன் வேண்டுமென்றா செய்தான்?

அந்த மாணவர் ராபர்ட் மோரிஸ். அவர் எழுதிய புழு (கணினிக்குக் கணினி தானே நகலெடுத்துப் பரவும் நிரல்), 'இங்கே ஏற்கெனவே என் நகல் இருக்கிறதா?' என்று கேட்கும். இருக்கிறது என்று பொய்ப் பதில் சொல்லி யாரும் தடுத்துவிடக் கூடாதே என்று, ஏழில் ஒரு முறை அந்தப் பதிலை மதிக்காமல் தங்கிவிடும்படி செய்திருந்தார். அந்த ஏழில் ஒன்றில்தான் கணினிகள் மூச்சுத் திணறின. தண்டனை: 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். எப்போதும் சொல்வதுதான்: உங்களுடையதல்லாத கணினியில் சோதனை செய்யாதீர்கள்.

கேள்வி: 'இ911' வழக்கு என்றால் என்ன?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1988இல் ஒருவர் பெல்சவுத் தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் நுழைந்து, இ911 என்ற அவசர அழைப்புச் சேவை பற்றிய ஓர் ஆவணத்தை நகலெடுத்தார். 'ஃப்ராக்' என்ற மின்னிதழை நடத்திய கல்லூரி மாணவர் கிரெய்க் நைடார்ஃப், 1989இல் அதைச் சுருக்கி வெளியிட்டார். அவர்மீது சிகாகோவில் வழக்கு. ஆவணத்தின் மதிப்பு 79,449 டாலர் என்றார்கள்.

அந்தக் கணக்கைப் பிரித்தால் சிரிப்பு வரும். எழுதியவரின் கூலி 7,000 டாலர். அதைத் தட்டச்சு செய்த கணினியின் முழு விலை 31,000, பிரின்டர் 6,000. கடிதம் தொலைந்தால் மேசைக்கும் நாற்காலிக்கும் சேர்த்துப் பில் போடுவதைப் போல! உள்ளே இருந்தது, எந்த அலுவலகம் எந்த வேலையைக் கவனிக்க வேண்டும் என்ற நிர்வாக விவரம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கேன்டீன் விலைப்பட்டியலிலும் 'ரகசியம்' என்று முத்திரை குத்தினார்கள், அந்த வகை. இதே விவரங்கள் அடங்கிய கையேட்டை யார் வேண்டுமானாலும் 13 டாலருக்கு வாங்கலாம் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. 1990 ஜூலையில், நான்கே நாளில் அரசு வழக்கைக் கைவிட்டது. வக்கீல் செலவு மட்டும் மாணவர் தலையில்.

கேள்வி: 13 டாலர் என்றாலும் திருட்டு திருட்டுத்தானே?

நுழைந்தது குற்றம்தான். நுழைந்தவர் அதை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். நைடார்ஃப் எந்தக் கணினியிலும் நுழையவில்லை.

அதே நபர் மீண்டும்: திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் குற்றமில்லையா?

என் சைக்கிளை நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் நடந்து போக வேண்டும். என் ஆவணத்தை நகலெடுத்தால் அது என்னிடமே இருக்கும். நஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. சைக்கிள் சட்டத்தால் அதை அளக்க முடியாது என்கிறேன்.

இன்னொருவர்: ஹேக்கர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

அப்படியானால் ஹேக்கரே அல்லாதவர் கதையைக் கேளுங்கள். 1990 மார்ச் 1 அன்று, டெக்சஸின் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற விளையாட்டுப் பதிப்பகத்தில் அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான சீக்ரெட் சர்வீஸ் சோதனை போட்டது. சந்தேகம் ஓர் ஊழியர்மீது. தூக்கிச் சென்றது நிறுவனத்தின் கணினிகளை. அச்சுக்குப் போகவிருந்த விளையாட்டுப் புத்தகமும் போயிற்று. உரியவர்கள் இன்னும் படிக்காத 162 தனி மின்னஞ்சல்கள் அந்தக் கணினிகளில் ஒன்றில் இருந்தன. நிறுவனம் வழக்குப் போட்டு 1993இல் 50,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு பெற்றது. அந்த வழக்குக்குத் துணை நின்ற, கணினி உலகில் மக்கள் உரிமைக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, 1990 ஜூலையில், இந்தச் சோதனைகளின் சூட்டிலேயே பிறந்தது. அந்த 162 மின்னஞ்சல்களில் ஒன்று உங்களுடையது என்று வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

கேள்வி: மனைவியின் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு...

மேலே தம்பிக்குச் சொன்ன பதில்.

கேள்வி: ஹேக்கிங் கற்க எதை முதலில் படிப்பது?

உங்கள் வீட்டு ரூட்டரின் கையேட்டை. அதன் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்'தானே?