மாரியில் சாகும் கத்தரி

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “ஐப்பசியில் வளவில் நட்ட கத்தரியும் மிளகாயும் கார்த்திகை மழையில் ஒவ்வொன்றாக வாடிச் செத்துவிட்டன. இலை பச்சையாகவே தொங்கியது. மாரி முடியும்வரை வீட்டுத்தோட்டத்தில் மரக்கறி பிடுங்க வழியுண்டா?”

உண்டு. அதற்கு முன் ஒரு சோதனை. இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கியது என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். இனி ஒரு செடி அப்படி வாடினால், அடித்தண்டில் 2 அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த நீருக்குள் வெட்டுமுகம் படும்படி பிடியுங்கள். அசைக்கக் கூடாது. சில நிமிடங்களில் பால்நூல் போல ஒன்று கீழிறங்கினால் அது பற்றீரியா வாடல். அதற்கு மருந்தில்லை, கடைக்காரர் எந்தப் போத்தலை நீட்டினாலும் வாங்காதீர்கள். செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள். அந்த இடத்தில் சில வருடங்களுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் வேண்டாம். சோளமோ பயிற்றையோ போடலாம்.

நூல் இறங்காவிட்டால் பெரும்பாலும் தேங்கிய நீர்தான் காரணம். வன்னியில் வருட மழையின் பெரும்பங்கு இந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. மண்ணில் காற்றிருக்க வேண்டிய இடமெல்லாம் நீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். கோடையில் தண்ணீர் கட்டிப் பழகிய கை, மாரியிலும் பள்ளப்பாத்திதான் போடும். மாற்றுங்கள்: 3 அடி அகலம், 1 அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி, இடையில் வேலிப்பக்கம் சரியும் வாய்க்கால். மழைத்துளி தெறித்து மண்ணிலுள்ள நோய் இலைக்கு ஏறாதபடி மெல்லிதாக வைக்கோல் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். தாழ்ந்த மூலையை வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் விட்டுவிடுங்கள். ஈரம் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

யூரியாவை ஒரேயடியாக அள்ளிப் போட்டால் மழை கழுவிக்கொண்டு போய்விடும். கொஞ்சங் கொஞ்சமாக, மழை விட்ட நாளில் போடுங்கள்.

வெண்டியை இரண்டு நாளுக்கொருமுறை பிடுங்க வேண்டும். நுனி ‘டக்’கென ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் நேற்றே பிடுங்கியிருக்க வேண்டியது. முற்ற விட்டால் புதுப்பூ குறையும். பயிற்றங்காய்க்கு மட்டும் பனி காய்ந்தபின் கை வையுங்கள். நனைந்த இலையைத் தொடும் கையே நோயைக் கொடிக்குக் கொடி கடத்தும்.

தையில் மழை ஓய்ந்ததும், பிழைத்த கத்தரியைக் கவாத்து வெட்டி எருவிடுங்கள். இன்னொரு முறை காய்க்கும். காய் பிடுங்க வரும் குரங்குக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை.