சுருங்கிய சுரையும் சுடுகோலும்: குடுக்கையில் பௌத்த ஓவியம் வரைய விரும்புவோருக்கு

கேள்வி: கொல்லையில் விளைந்த குண்டுச் சுரைக்காய் மூன்றைக் காயவைத்தேன். ஒன்று சுருங்கி ஒடுங்கிவிட்டது. இன்னொன்றின் மேல் கறுப்புப் பூஞ்சை படர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் நன்றாக இருக்கிறது. கொழும்பில் இருக்கும் பௌத்தத் தோழிக்குப் புத்தர் முகத்தைச் சுட்டு வரைந்து விளக்காகச் செய்து கொடுக்க நினைக்கிறேன். மற்றொன்றில் பிக்குகளின் பிட்சைப் பாத்திரம் போல ஒன்றும் செய்ய ஆசை. எப்படிச் செய்வது? – சேலத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: பூஞ்சை பிடித்த காயை எறிந்துவிடாதீர்கள், சுருங்கியதை இனி எதுவும் செய்ய முடியாது. அது முற்றுவதற்கு முன்பே பறிக்கப்பட்டிருக்கிறது. பாலி மொழிப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் மகாசச்சக சுத்தம் என்ற பகுதியில், கடுந்தவத்தால் வற்றிப்போன தம் தலைத்தோலைப் பற்றிச் சொல்லும் புத்தர், பச்சையாக அறுத்த கசப்புச் சுரை வெயிலிலும் காற்றிலும் வதங்கிச் சுருங்குவதை உவமையாகக் கூறுகிறார். அந்த உவமையே குடுக்கைக் கலையின் முதல் விதியுமாகும்: கொடியிலேயே காம்பு பழுப்பாகிக் காயும்வரை விட்டு, இரண்டு அங்குலக் காம்போடு அறுத்து எடுக்க வேண்டும். இளங்காயின் ஓட்டில் கெட்டித்தன்மை ஏறியிருக்காது. உள்ளிருக்கும் நீர் வெளியேறும்போது ஓடும் கூடவே ஒடுங்கிவிடும்.

பூஞ்சையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முற்றிய காய்க்குள் இருக்கும் நீர் முழுவதும் ஓட்டின் வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், நிழலில் காயும் சில வாரங்கள் முதல் ஆறு மாதங்கள் வரையிலான காலத்தில் மேல்தோலில் பூஞ்சை படர்வது இயல்பு. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எங்கும் அமுங்காமல், எடை குறைந்து, குலுக்கினால் விதைகள் கலகலவென்று ஒலித்தால் அது நல்ல காய். அமுங்கினால் அழுகல், அதை எருக்குழியில் போட்டுவிடலாம். நல்ல காயை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் அரை மணி நேரம் சுற்றி வைத்து, பிறகு பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் மெதுவாகத் தேய்த்தால், மெழுகு போன்ற மேல்தோல் பூஞ்சையோடு உரிந்துவிடும். பூஞ்சை விட்டுச்சென்ற பழுப்புத் திட்டுகள் மட்டும் எஞ்சும். அவற்றை நான் ஒருபோதும் வெளுக்க முயல்வதில்லை, ஏனெனில் எந்தச் சாயமும் தராத ஓர் அழகு அவற்றில் இருக்கிறது.

விளக்கு என்பதால் அடிப்பாகத்தில் வட்டமாகத் திறக்க வேண்டும். சிறு ரம்பத்தால் அறுத்து, உள்ளிருக்கும் பஞ்சு போன்ற சோற்றையும் விதைகளையும் நீண்ட கரண்டியால் சுரண்டி எடுங்கள். இதைத் திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்துதான் செய்ய வேண்டும்; அந்தத் தூசி மூச்சுக்குழாயைக் கடுமையாக உறுத்தும். ஒரு முறை கவசமில்லாமல் செய்துவிட்டு இரண்டு நாள் இருமித் தீர்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உட்சோறு மிச்சமிருந்தால் ஈரத்தை இழுத்துப் பூச்சியை அழைக்கும் என்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது.

இனி, எதை வரைவது என்பது. உங்கள் தோழிக்கு அனுப்பும் விளக்கில் புத்தர் முகம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இலங்கையில் புத்தர் உருவம் வழிபாட்டுக்குரியது. அலங்காரப் பொருளில் அதைப் பொறிப்பதைப் பலர் அவமதிப்பாகவே கொள்வார்கள். 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணி ஒருவர் கொழும்பு விமான நிலையத்திலேயே தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். உணர்ச்சியை ஒதுக்கிவைத்துத் தொழிலாகப் பார்த்தாலும், உருண்டைப் பரப்பில் முகம் எளிதில் கோணலாகிவிடும். சுட்ட கோட்டை அழிக்கவும் முடியாது. சிரிக்கும் புத்தரை வரையலாமே என்று சிலர் கேட்பார்கள். அது கௌதமர் அல்லர். 10ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி புதாய்.

மத்திய இந்தியாவின் பழைய பௌத்தத் தலங்களான சாஞ்சியிலும் பார்கூத்திலும் தொடக்ககாலச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் வடிக்காமல், போதி மரமாகவும் தரும சக்கரமாகவும் ஆளில்லாத ஆசனமாகவும் காட்டினார்கள். அந்த வழியே குடுக்கைக்கு மிகப் பொருத்தம். உங்களுக்கு நான் சொல்வது போதி இலை, அதாவது நம் அரச இலை. இலங்கையின் அனுராதபுரத்தில் உள்ள மகாபோதி மரத்தை அறிந்த எவருக்கும் அதன் பொருளை விளக்க வேண்டியிராது. உதிர்ந்த அரச இலை ஒன்றை எடுத்துக் குடுக்கையின் வளைவில் அழுத்திப் பிடித்து, விளிம்பைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். வால் போல நீளும் அதன் நுனிதான் அந்த இலையின் அடையாளம். கற்பனையில் வரைபவர்கள் அதைக் குட்டையாக்கிவிடுகிறார்கள். நடுநரம்பிலிருந்து பிரியும் கிளை நரம்புகள் விளிம்புக்குச் சற்று முன்பே வளைந்து ஒன்றோடொன்று சேர்வதையும் உண்மையான இலையைப் பார்த்தே கற்க முடியும்.

மேற்புறத்தில் தாமரை வேண்டுமென்றால், காம்பையே நடுவாகக் கொள்ளுங்கள். காம்பின் அடியிலிருந்து நூலைக் கீழே இழுத்து எட்டாகப் பிரித்தால் எட்டு இதழ்களுக்கும் இடம் கிடைக்கும். தரும சக்கரத்தின் எட்டு ஆரங்களுக்கும் இதே முறைதான். சுற்றுக்கோடு நேராக வர, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, குடுக்கையை மட்டும் சுழற்றுங்கள்.

சுடுவதற்கு 25 வாட் சால்டரிங் அயர்ன் போதுமானது. சத்தீஸ்கரின் பஸ்தர் பழங்குடிக் கலைஞர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கத்தியாலேயே சுரைக்குடுக்கையில் அற்புதமான கோடுகளைச் சுடுகிறார்கள். அழுத்த வேண்டாம், கோட்டின் கருமை அழுத்தத்தால் வருவதில்லை, நுனி ஓரிடத்தில் தங்கும் நேரத்தால் வருகிறது. கையைத் தூக்கும் இடத்தில் கணநேரம் தயங்கினாலும் அங்கே கரும்பொட்டு விழும் என்பதால், கோடு முடியும்போது நகர்ந்துகொண்டே நுனியை எடுத்துவிடப் பழகுங்கள். அறுத்தெடுத்த அடி வட்டத்திலேயே முதலில் பழகிப் பார்க்கலாம். வார்னிஷோ சாயமோ பூசிய பரப்பின்மேல் ஒருபோதும் சுடாதீர்கள். அந்தப் புகை நஞ்சு. சுட்டு முடித்த பிறகு சாயம், கடைசியில் பளபளப்பு என்பதே வரிசை. மஞ்சள் கரைசல் அழகாகப் பிடிக்கும் என்றாலும் வெளிச்சத்தில் விரைவில் வெளிறிவிடும். தேன்மெழுகை மெல்லத் தேய்த்து நிறுத்துவதையே நான் விரும்புகிறேன். ஒளி கசிய இலை நரம்புகளின் மேல் 2 மில்லிமீட்டர்த் துளைகளை இட்டு, உள்ளே எல்.இ.டி. விளக்கு மட்டும் வையுங்கள். காய்ந்த ஓடு எளிதில் தீப்பற்றும், அகல் கூடாது.

பிட்சைப் பாத்திர யோசனையை விட்டுவிடுங்கள். பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் சுள்ளவக்கம் என்ற நூலின்படி, சில பிக்குகள் சுரைக்குடுக்கை ஏந்திப் பிட்சைக்குச் சென்றபோது மக்கள் அவர்களைப் பிற சமயத் துறவிகளைப் போலிருக்கிறார்கள் என்று குறைகூற, புத்தர் அதைத் தடுத்தார். இரும்பும் மண்ணுமே அனுமதிக்கப்பட்ட பாத்திரங்கள். பௌத்தத்தோடு குடுக்கைக்கு வேறு உறவுகள் உண்டு. ஜப்பானின் கியோட்டோவில் 10ஆம் நூற்றாண்டுத் துறவி கூயாவின் மரபில் வந்தவர்கள் குடுக்கையைத் தட்டியபடி அமிதாபப் புத்தரின் பெயரைப் பாடிச் சென்றார்கள். அதே நகரத்தின் தைசோஇன் கோயிலுக்குரிய, ஏறத்தாழ 1415இல் ஜோசெட்சு என்ற ஓவியத் துறவி தீட்டிய ஓவியத்தில், வழுக்கும் கெளுத்தி மீனை வழுக்கும் குடுக்கையால் பிடிக்க முயல்கிறான் ஒருவன். மேலே 31 ஜென் துறவிகள் அதைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறார்கள். பூஞ்சைத் திட்டுகள் உள்ள உங்கள் இரண்டாவது காயில் அந்த மனிதனின் மீனை மட்டும், ஒரே வளைகோட்டில், சுட்டுப் பாருங்கள். திட்டுகளே சேற்று நீராகத் தோன்றும்.

கொழும்புக்கு அனுப்பும் விளக்கில் ஒரு விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது. எல்லை கடக்கும் தாவரப் பொருளில் விதை இருந்தால் சிக்கல். எடுத்த விதைகளை நிழலில் உலர்த்தி ஆடிப் பட்டத்தில் ஊன்றலாம். பக்கத்தில் நீட்டுச் சுரை பூத்திருந்தால் மகரந்தம் கலந்திருக்கும். அப்போது இதே குண்டு வடிவம் திரும்பக் கிடைக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம்.