டேபிள் சா பொருத்துவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, புது டேபிள் சா (மேசையின் நடுவில் வட்ட ரம்ப பிளேடு சுழலும் மெஷின்) வாங்கிப் பெட்டியைப் பிரித்தவர்களுடையவை. பதில்களுக்கு முன் ஒரு வார்த்தை. பிளேடு பக்கம் கை போகும் எந்த வேலைக்கும் முதலில் ப்ளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போடுங்கள். சுவிட்சை அணைத்தது கணக்கில் வராது. கீழே இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலிக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்டாண்டைப் பொருத்தி, மெஷினை மேலே ஏற்றிவிட்டேன். ஒரு கால் தரையில் படாமல் ஆடுகிறது. அடியில் அட்டையை மடித்து வைக்கலாமா?

வேண்டாம். எல்லா போல்ட்டையும் மெஷினை ஏற்றும் முன்பே இறுக்கி முடித்திருப்பீர்கள். ஸ்டாண்டின் போல்ட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். மெஷினின் எடை இறங்கி நான்கு கால்களும் தரையில் உட்காரட்டும். பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் தரை மேடுபள்ளம். அப்போது காலில் உள்ள மட்டத் திருகைத் திருப்புங்கள். ரசமட்டம் துல்லியமாக நடுவில் நிற்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஆடக்கூடாது, அதுதான் முக்கியம்.

கேள்வி: மேசை முழுக்கப் பிசுபிசுவென்று கிரீஸ். எதைப் போட்டுத் துடைப்பது?

மண்ணெண்ணெய் அல்லது டர்பென்டைன், பழந்துணி. சுரண்ட வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் தகடு மட்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். இரும்பு காய்ந்த உடனே, அன்றைக்கே, பேஸ்ட் மெழுகு பூசித் தேய்த்துவிடுங்கள். வெறும் வார்ப்பிரும்பு ஓர் இரவில்கூடத் துருப்பிடிக்கும். சிலிகான் கலந்த ஸ்ப்ரே எதையும் மேசையில் அடிக்காதீர்கள். அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பின்னால் வார்னிஷ் பிடிக்காது, குழி குழியாக விலகும்.

கேள்வி: பக்கத்தட்டு (மேசையை அகலமாக்கப் பக்கவாட்டில் பொருத்தும் இரும்புத் தட்டு) மேசையோடு சேரும் இடத்தில் மட்டமாக இருக்கிறது, வெளி ஓரம் மட்டும் தொங்குகிறது. பழுதான சாமானா?

பழுதெல்லாம் இல்லை. சேரும் இடத்தில் போல்ட்டுக்குக் கீழே, இரண்டு இரும்புக்கும் நடுவில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி இறுக்குங்கள். வெளி ஓரம் மேலே எழும். தூக்கி நிற்கிறது என்றால் டேப்பைப் போல்ட்டுக்கு மேல்பக்கம் ஒட்டுங்கள். நேரான நீளப் பட்டையை மேசையின் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தட்டு கால் மி.மீ. இறங்கியிருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். மேசையை விட மேலே இருந்தால் மட்டும் விடமாட்டேன், பலகை அதில் முட்டி நிற்கும்.

கேள்வி: பிளேடு சுமார் ஒரு மி.மீ. கோணலாக இருக்கிறது. பரவாயில்லையா?

எதற்கு எதிராகக் கோணல்? எங்கே வைத்து அளந்தீர்கள்? எந்தப் பல்லில்? கடிதத்தில் ஒன்றும் இல்லை. மேசையின் ஓரத்திலிருந்து அளந்திருந்தால் அந்த அளவை மறந்துவிடுங்கள். மேசை ஓரத்தை யாரும் துல்லியமாகக் கடைந்து தருவதில்லை. இந்த மெஷினில் எல்லா அளவுக்கும் தாய் மைட்டர் காடிதான், அதாவது மேசைமேல் முன்னிருந்து பின்னாக ஓடும் நீளப் பள்ளம். பிளேடு காடிக்கு இணையாக வரவேண்டும். பிறகு ஃபென்ஸ் (பலகையை ஒட்டித் தள்ளும் நீளத் தடுப்பு) அதே காடிக்கு இணையாக வரவேண்டும். இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

ப்ளக்கைப் பிடுங்குங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம், மேசை மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, காடியிலிருந்து அதன் தூரத்தை எடுங்கள். பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி எடுங்கள். வேறு பல்லில் எடுத்தால் பிளேடில் இருக்கும் சின்ன நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும், மெஷினின் குறை எது, பிளேடின் குறை எது என்று பிரிக்க முடியாது. டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவுகருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மைட்டர் கேஜில் (காடியில் ஓடி, பலகையைக் குறுக்கே அறுக்கத் தள்ளும் கருவி) ஒரு மரக்கட்டையைக் கிளாம்ப் செய்து, அதன் முனை பல்லை லேசாக உரசும்படி வையுங்கள். முன்னாலும் பின்னாலும் ஒரே உரசல் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு தாள் கனம் மாறினாலும் சத்தம் மாறிவிடும்.

முன்னுக்கும் பின்னுக்கும் 0.1 மி.மீ.க்குள் வந்தால் போதும். உங்கள் ஒரு மி.மீ. உண்மையென்றால் அதோடு எதையும் அறுக்காதீர்கள். பிளேடைத் தாங்கும் டிரனியன் மேசையின் அடியில் மாட்டியிருக்கும் மாடல் என்றால் அந்த போல்ட்டுகளில் மூன்றை முழுதாகத் தளர்த்தி, நான்காவதைப் பாதி இறுக்கத்தில் விடுங்கள். மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். டிரனியன் அடிப்பெட்டியோடு சேர்ந்திருக்கும் பெரிய மாடலில் மேசையின் போல்ட்டைத் தளர்த்தி மேசையையே நகர்த்த வேண்டும், அது இன்னும் சுலபம். இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது அரை முடி அளவாவது நகராமல் இருக்காது.

கேள்வி: ஃபென்ஸின் பின்முனை பிளேடை விட்டு எவ்வளவு விலகி இருக்கலாம்?

சரியான இணை நல்லது. 0.1 மி.மீ. விலகலாம். பின்பக்கம் பிளேடை நோக்கி நெருங்கவே கூடாது. மரம் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் நெரிபட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த பதிலில் படியுங்கள்.

கேள்வி: பிளேடுக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தகட்டில் பலகை பாதியில் முட்டி நின்றுவிடுகிறது. அதனால் தகட்டையும் பிளேடை மேலே மூடியிருக்கும் கார்டையும் கழற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். இப்போது நன்றாக ஓடுகிறது. ஃபென்ஸின் ஸ்கேல் மட்டும் 2 மி.மீ. தப்பு காட்டுகிறது, அதை எப்படிச் சரிசெய்வது?

ஸ்கேலைப் பிறகு பார்ப்போம். அந்தத் தகட்டுக்கு ரிவிங் நைஃப் என்று பெயர். அதை மறுபடி மாட்டும்வரை மெஷினை ஓட்டாதீர்கள். இப்படி ஒரு கடிதமாவது வராத மாதம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேலே ஏறிவருகின்றன. அறுத்த பலகை பின்னால் பிளேடை நெரித்தாலோ, சற்றுத் திரும்பினாலோ, ஏறிவரும் பற்கள் அதைக் கவ்வித் தூக்கி உங்கள் மேல் எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் விநாடிக்கு சுமார் 53 மீட்டர், மணிக்கு 190 கி.மீ. மனிதன் சுதாரிக்கக் கால் விநாடியாவது வேண்டும். அதற்குள் பல் பதின்மூன்று மீட்டர் ஓடி முடித்திருக்கும். ‘நான் கவனமாக இருப்பேன்’ என்று எழுதுகிறீர்களே, அந்தக் கவனம் இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது. ரிவிங் நைஃப் நிற்கும். அறுத்த தடத்துக்குள் புகுந்து, பின்பற்களை மரம் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

என் பட்டறையில் சுவிட்சுக்கு மேலே ஒன்றரை அடி நீளத் துண்டுப் பலகை ஒன்று ஆணியடித்து மாட்டியிருக்கிறது. வேலை பழகிய நாளில், ரிவிங் நைஃப் இல்லாத பழைய மெஷினில் நான் நெடுக்க அறுத்தது. முக்கால் பங்கு போனதும் மரத்துக்குள் இருந்த இறுக்கம் விடுபட்டு, அறுத்த வாய் தானாக மூடிக்கொண்டது. சத்தம் மாறியது மட்டும் நினைவிருக்கிறது. பலகை இடுப்பு எலும்பில் அடித்து, பின்னால் இருந்த கதவில் பள்ளம் போட்டு விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கம் வில் மாதிரி வளைந்த ஒரு கீறல். பின்பற்கள் மரத்தைக் கவ்வி இழுத்த வழி அது. அந்த வில் முடியும் இடத்திலிருந்து என் இடது கைப் பெருவிரல் இருந்த இடம் நான்கு விரற்கடை. பலகை மேலே போகும்போது அதன்மேல் இருக்கும் கையையும் சேர்த்தே பிளேடு பக்கம் இழுக்கும். விரல் போனவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

இனி உங்கள் பலகை ஏன் முட்டுகிறது என்று பார்ப்போம். பெட்டியில் வந்த பிளேடைக் கழற்றிவிட்டு மெல்லிய பிளேடு மாட்டினீர்கள், இல்லையா? ரிவிங் நைஃபின் கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும். அது பிளேடின் உடல் கனத்தை விட அதிகமாகவும், பல் அறுக்கும் தடத்தை விடக் குறைவாகவும் இருக்கவேண்டும். தடம் 3.2 மி.மீ. என்றால் 2.5 கனமுள்ள தகடு நன்றாகப் போகும். தடம் 2.4 மட்டுமே உள்ள மெல்லிய பிளேடில் அதே தகடு கட்டாயம் முட்டும். அந்த பிளேடுக்கு 2 மி.மீ. போலக் கனமுள்ள தகடு தனியாக வாங்குங்கள், அல்லது பழைய பிளேடுக்கே திரும்புங்கள். கனம் சரியாக இருந்தும் முட்டினால் தகடு பிளேடோடு ஒரே கோட்டில் இல்லை. நேர்ப்பட்டையை இரண்டையும் தொடும்படி வைத்துப் பார்த்து, பிடிமானத் திருகுகளால் நகர்த்துங்கள். பிளேடுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 3 முதல் 8 மி.மீ. இருக்கட்டும்.

பலகையை முழுக்க அறுக்காமல் காடி மட்டும் எடுக்கும்போது கார்டைக் கழற்றத்தான் வேண்டும். அப்போதும் ரிவிங் நைஃபை பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கார்டு திரும்ப ஏறவேண்டும்.

ஸ்கேலுக்கு: ஒரு துண்டை அறுத்து அளந்து, ஃபென்ஸை நகர்த்தாமல், முள்ளின் திருகைத் தளர்த்தி அந்த அளவுக்கு நகர்த்துங்கள். பிளேடு மாற்றும்போதெல்லாம் இதைச் செய்யவேண்டும்.

கேள்வி: பிளேடைப் பிடிக்கும் நட்டு எந்தப் பக்கம் திரும்பினால் கழலும்?

பிளேடு சுற்றும் திசையிலேயே திருப்பினால் கழலும். மறை வலமா இடமா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். ப்ளக் வெளியே இருக்கிறதா?

கேள்வி: பிளேடின் சாய்வு ஸ்கேலில் முள் 90ல் நிற்கிறது. செய்த பெட்டியின் மூலை மட்டும் சேரவில்லை.

முள்ளை நம்பாதீர்கள். மலிவான மூலைமட்டத்தையும் நம்பாதீர்கள். கனமான, இரண்டு பக்கமும் இணையான ஒரு கட்டையைக் குறுக்கே அறுங்கள். ஒரு துண்டை மட்டும் குப்புறப் புரட்டி, அறுத்த முகங்களை ஒட்டி மேசைமேல் வையுங்கள். மேலேயோ கீழேயோ இடைவெளி தெரிந்தால் பிளேடு சாய்ந்திருக்கிறது. தெரிவது உண்மைப் பிழையின் இரண்டு மடங்கு, அதனால் கண்ணுக்கு எளிதில் அகப்படும். இடைவெளி மறையும்வரை சாய்வுச் சக்கரத்தைத் திருப்பி, அந்த நிலையில் 90 டிகிரித் தடுப்புத் திருகை வைத்து, கடைசியாக முள்ளை 90க்குக் கொண்டுவாருங்கள். தடுப்புத் திருகில் மரத்தூள் அடைந்திருந்தாலும் இப்படி ஆகும், முதலில் பழைய பிரஷ் போட்டுத் தட்டிவிடுங்கள். மைட்டர் கேஜையும் இதே புரட்டு முறையில் பார்க்கலாம். பலகையைப் படுக்கவைத்து அறுத்து, ஒரு துண்டைப் புரட்டி, இரண்டையும் ஒரே நேர்ப்பட்டையில் சாய்த்துச் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ரம்பம் சரியாக அறுக்கவில்லை. என்ன செய்யலாம்?

என்ன மரம், எத்தனை பல் பிளேடு, நெடுக்கவா குறுக்கவா, கருகுகிறதா, கோணல் போகிறதா, பிசிறு எழும்புகிறதா? எழுதுங்கள், பதில் தருகிறேன்.

கேள்வி: இரண்டு அங்குலக் கட்டையை நெடுக்க அறுத்தால் இரு பக்கமும் கருகுகிறது. பிளேடு புதியது, 80 பல்.

கேள்வி கேட்கும் முறை இது. 80 பல் பிளைவுட்டுக்கும் குறுக்கறுப்புக்கும். நெடுக்க அறுக்கும்போது அந்தச் சின்னப் பல் இடைவெளிகளில் தூள் அடைத்துச் சூடேறும். 24 பல் பிளேடு மாட்டுங்கள். இரண்டும் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் 40 பல்லில் சமாளிக்கலாம். பிளேடு மாற்றியும் கருகினால் மேலே சொன்ன இணையைப் பாருங்கள்.

கேள்வி: ஒரே அளவில் பத்துத் துண்டு வேண்டும். மைட்டர் கேஜால் தள்ளி, ஃபென்ஸில் முட்டவைத்து அறுத்தால் அளவு மாறாதே?

அளவு மாறாது, துண்டு பறக்கும். அறுபட்ட துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் சிக்கித் திரும்பும், தப்பிக்க இடமில்லை. ஃபென்ஸில் ஒரு கட்டையை பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே முடியும்படி கிளாம்ப் செய்யுங்கள். பலகையை அதில் முட்டி அளவு வைத்துக்கொண்டு தள்ளினால், பிளேடை எட்டும்போது ஃபென்ஸ் பக்கம் காலியாக இருக்கும்.

கேள்வி: கையுறை போடலாமா?

கூடாது. பல் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி, காதடைப்பு, மாஸ்க் மூன்றும் போடுங்கள், தொங்கும் சட்டைக்கையை மடித்துக்கொள்ளுங்கள், குறுகிய துண்டுக்குத் தள்ளுகட்டை எடுங்கள்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டுகிறேன். கனமான மரத்தில் மோட்டார் முனகி நிற்கப் பார்க்கிறது.

மெல்லிய ஒயர். வோல்டேஜ் வழியிலேயே குறைந்துபோய் மோட்டார் சூடாகிறது. நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுவது உத்தமம். முடியாதென்றால் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரைத் தாங்கும் பிளக், பத்து மீட்டருக்குள் நீளம், அதுவும் சுருளை முழுக்க அவிழ்த்து. ஒயர் நீங்கள் நிற்கும் இடத்தில் காலில் தட்டக்கூடாது.

கேள்வி: பின்னால் பலகையைத் தாங்க மேசை செய்கிறேன். ரம்ப மேசையின் உயரத்துக்கே செய்யவா?

ஒரு மி.மீ. தாழ்வாகச் செய்யுங்கள். உயரமாகிவிட்டால் பலகையின் முனை முட்டி நிற்கும், நீங்கள் பிளேடு ஓடும்போது எட்டிப் பிடித்துத் தூக்கப் பார்ப்பீர்கள். மைட்டர் கேஜின் கம்பி வெளியே வந்து ஓட, இரண்டு காடிகளுக்கும் நேரே பள்ளம் எடுக்க மறக்காதீர்கள்.