பெட்டிக்ரூவின் தாள்கள்: கடிதத்தையும் கேஸ் கட்டையும் பிரிக்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் வரலாறு முதுகலை படிக்கிறேன். உள்நாட்டுப் போருக்கு முன் தென் கரோலினாவின் அட்டர்னி ஜெனரலாக (மாநில அரசின் தலைமை வக்கீலாக) இருந்த ஜேம்ஸ் லூயிஸ் பெட்டிக்ரூவைப் பற்றி ஆய்வேடு எழுதப்போகிறேன். அவருடைய குடும்பக் கடிதங்களும் சட்டத் தாள்களும் பல நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. என் தலைப்பு சட்டம்தான். சட்டத் தாள்களை மட்டும் பார்த்தால் போதாதா? அவற்றில் வரும் அடிமைகள் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: போதாது. ஏன் என்பதற்கு ஒரே ஒரு வகைப் பத்திரத்தைக் காட்டுகிறேன்.

1820-க்குப் பிறகு தென் கரோலினாவில் ஓர் அடிமையை விடுவிக்க உரிமையாளர் மனது வைத்தால் மட்டும் நடக்காது. சட்டமன்றம் அதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டும். அதனால் சிலர் சுற்று வழியில் போனார்கள். நம்பகமான ஒருவர் பெயருக்கு அந்த மனிதரையோ குடும்பத்தையோ எழுதி வைத்துவிடுவார்கள். காகிதத்தில் அவர்கள் அடிமைகள். நடைமுறையில் தாங்களே உழைத்துச் சம்பாதித்துப் பிழைத்துக்கொள்ளலாம். இதைத் தடுக்கவே 1841-இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் பிறகு எழுதிய பத்திரத்தில் உண்மையான நோக்கத்தை யார் வெளிப்படையாகச் சொல்வார்கள்? நீங்கள் பார்ப்பது சாதாரண கிரயப் பத்திரமா, மறைத்து வைத்த விடுதலையா என்பதைக் கட்சிக்காரர் வக்கீலுக்கு எழுதிய கடிதம்தான் சொல்லும். கடிதத்தைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்கினால், பத்திரத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள்.

பெட்டிக்ரூ விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 1822 முதல் 1830 வரை அவர் அட்டர்னி ஜெனரல். அந்தக் காலத்தில் அந்தப் பதவியில் இருந்துகொண்டே சொந்தக் கட்சிக்காரர்களுக்கும் வழக்கு நடத்தலாம். எனவே அரசு வேலை, சொந்தத் தொழில், வீட்டுக் கணக்கு எல்லாம் ஒரே மேசையில் நடந்தவை. சவன்னா ஆற்றங்கரையில் நெல் தோட்டம் வைத்திருந்தார். 1837 நிதி நெருக்கடியில் பெரும் கடனாளியாகி, வக்கீல் வருமானத்திலிருந்து வருடக்கணக்கில் அடைத்தார். எந்த வழக்கை ஏன் எடுத்தார் என்று எழுதும்போது இந்தக் கடன் உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

தேடும்போது பெயரைக் கவனியுங்கள். குடும்பப் பெயரின் பழைய வடிவம் பெட்டிக்ரூ என்றே ஒலித்தாலும் எழுத்துகள் வேறு (Pettigrew). அவர்தான் எழுத்தை Petigru என்று மாற்றிக்கொண்டார். நூலகப் பட்டியலில் இரண்டு வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். அதே குடும்பத்தின் வட கரோலினாக் கிளையின் தாள்கள் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஆனால் இரண்டையும் பாருங்கள்.

அடுத்து, 1861 டிசம்பரில் அவர் வாழ்ந்த சார்லஸ்டன் நகரைப் பொசுக்கிய தீயில் அவர் வீடும் எரிந்தது. ஆகவே அவர் வைத்திருந்ததைவிட, அவர் பிறருக்கு எழுதியதைத் துரத்துங்கள். தங்கை அடேல், ஆளுநராக இருந்த ராபர்ட் ஆல்ஸ்டனின் மனைவி. ஆல்ஸ்டன் குடும்பத் தாள்கள் தென் கரோலினா வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. 1920-இல் பேரன் அச்சிட்ட கடிதத் தொகுப்பில் தொடங்குவது வசதி. ஆனால் குடும்பத்தார் தொகுத்தது என்பதால், மூலத்தோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

சரி, பெட்டி உங்கள் முன்னால் வந்துவிட்டது. முதலில் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். வக்கீல் அலுவலகத்தில் தாளை நீளவாக்கில் மடித்து, வெளியே தெரியும் பட்டையில் கட்சிகளின் பெயர், தேதி, விஷயம் ஆகியவற்றை எழுதி வைப்பார்கள், நம்மூர் குமாஸ்தா கேஸ் கட்டின் மேல் எழுதுவதைப் போல. இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘ஏ.டி.எஸ்.’ என்ற மூன்று எழுத்து இருந்தால் முதலில் வருபவர் பிரதிவாதி. அந்த வக்கீல் பிரதிவாதி பக்கம் நின்றார் என்பதற்கு அது நல்ல அறிகுறி. ‘ஃபை ஃபா’ என்று சுருக்கியிருந்தால் கடனுக்குச் சொத்தை ஜப்தி செய்யும் உத்தரவு. அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம். 1740 சட்டம் அவர்களை அசையும் பொருளாக்கி வைத்திருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேதான் தொடங்குகிறது. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். மனிதரின் பெயர் அபூர்வம். ஆனால் கடன் கொடுத்தவருக்கும் வாரிசுக்கும் யார் யார் என்று தெரிந்தாக வேண்டும். அதனால் அடமானப் பத்திரத்திலும் இறந்தவரின் சொத்துப் பட்டியலிலும் பெயர் வரும், பல நேரம் விலையோடு, சில நேரம் தாய் பெயரை அடுத்துக் குழந்தைகள் பெயர். அந்த வரிசையை அப்படியே நகலெடுங்கள். அகரவரிசைப்படுத்தினால் குடும்பம் கலைந்துவிடும்.

அப்புறம் அந்தப் பெயர்களைக் தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தின் கிரயப் பதிவுகளில் தேடுங்கள். கிரீன்ஸ்பரோவிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகம் தென் மாநிலங்களின் அடிமை முறை தொடர்பான மனுக்களை இணையத்தில் பெயர்வாரியாகத் தேடும்படி வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள். கடைசியாக 1870 கணக்கெடுப்பு. அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோரின் முழுப் பெயர் கணக்கெடுப்பில் முதன்முதலாக வருவது அதில்தான். ஆனால் பழைய எஜமானரின் குடும்பப் பெயரையே வைத்திருப்பார்கள் என்று நினைத்துத் தேடாதீர்கள். பலர் வேறு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது, ஊர், கூடவே வரும் குழந்தைகளின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

1861 அக்டோபரில், வடக்கத்திய கட்சிக்காரர்களின் சொத்து விவரத்தைக் கேட்ட கூட்டமைப்பு அரசின் (பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசின்) ஆணைக்குப் பதில் தர மறுத்து, நீதிபதி மக்ராத் முன் பெட்டிக்ரூ எழுந்து வாதாடினார். எழுபதைத் தாண்டிய வயதில், ஊரே எதிராக நிற்கும்போது செய்த காரியம். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. அதே மனிதர் அடிமைகளை வைத்திருந்தவர். உங்கள் ஆய்வேட்டில் இந்த இரண்டும் வேறு வேறு அத்தியாயங்களுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.