சுழி பார்க்கும் அப்பா, தளை பார்க்கும் தமிழய்யா

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு காங்கேயம் கிடாரி நிற்கிறது. கால், குளம்பு, மடி எதிலும் குறை கிடையாது. ஆனால் முதுகு மயிரில் பாடைச் சுழி இருக்கிறதாம், வீட்டில் சாவு விழுமாம். வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார் அப்பா. கல்லூரியிலோ, நான் எழுதும் வெண்பாக்களைத் தமிழய்யா 'தளை தட்டுகிறது', அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேர வேண்டிய ஓசைக் கட்டு பிசகுகிறது, என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தருகிறார். வசன கவிதை எழுதினால் அது பாட்டே இல்லை என்கிறார். என்றைக்கோ எவரோ போட்ட அளவுக்குள் அடங்கவில்லை என்று ஒரு உயிரையும் ஒரு பாட்டையும் ஒதுக்குகிறார்கள். இருவருக்கும் ஒரே நோய்தானே? சண்டை போடலாமா?
— பெயர் வேண்டாம், வெள்ளகோவில் வட்டாரம்

பதில்: போடலாம். ஆனால் இரண்டையும் ஒரே சண்டையாக்கிவிடாதீர்கள். ஒரு விதியை மீறினால் எது கெடுகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு கையை ஓங்கலாம்.

முதலில் அப்பா பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாடு பிடிக்கிறவர்கள் கால், குளம்பு, முதுகு வாட்டம் பார்ப்பது வெறும் அழகுக்காக இல்லை. மாடு பூட்டிக் கிணற்று நீரைக் கவலையில் இறைத்த காலத்தில் எருதுகள் சரிவில் இழுத்துக்கொண்டு இறங்கி, திரும்பாமல் அப்படியே பின்னுக்கு நடந்து ஏற வேண்டும். பின்னங்கால் முட்டிகள் உரசுகிற எருது சீக்கிரமே நொண்டிவிடும். இன்றைக்குக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, சரி. ஆனாலும் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், நாளெல்லாம் நடந்து மேய்கிற மாட்டுக்குக் காலும் குளம்பும் அதே அளவு முக்கியம். இந்த லட்சணங்களைப் பார்ப்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தால் அவர் பக்கம் நில்லுங்கள்.

நிறம் வேறு கதை. காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து, ஆறு மாதம் போல ஆனதும் சாம்பலுக்கு மாறும். காளைக்குத் தலை, கழுத்து, திமில் எல்லாம் கருத்துப்போகும். காயடித்தால் மறுபடி வெளுக்கும். பிறந்த கன்றைப் பார்த்து 'இது மயிலை (சாம்பல் நிறம்) இல்லை' என்று கழித்துக்கொண்டே வந்திருந்தால் இந்த இனமே மிஞ்சியிருக்காது. இனத்தை அடையாளம் காண நிறம் உதவும். அதையே வெறியாகப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜபாளையம் நாய் இருக்கிறது. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, இதுதான் அசல் என்றார்கள். புள்ளி விழுந்த குட்டிகளைப் பிறந்தவுடனே ஒழித்த வழக்கமும் இருந்தது. தோலுக்கு நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால் காது கேட்காது. வெள்ளையை மட்டுமே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறந்தன. காவலுக்கு வளர்க்கிற நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால் அந்த மூக்கின் அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி சுழி. மயிர் எந்தப் பக்கம் படிய வேண்டும் என்பது கன்று தாயின் வயிற்றில் இருக்கும்போதே, தோல் வளர்கிற போக்கில் அமைந்துவிடுகிறது. அதில் நம் ஆட்கள் கோபுரச் சுழி, தாமணிச் சுழி என்று நல்லவற்றையும், பாடை, துடைப்பம், பெண்டிழந்தான் என்று ஆகாதவற்றையும் படித்தார்கள். பூரான் சுழியிலேயே ஏறுபூரான் நல்லது, இறங்குபூரான் ஆகாது. பெயர் வைத்தவர்களின் கற்பனையை மெச்சத்தான் வேண்டும், அதிலும் அந்தப் பெண்டிழந்தானை! ஒரு ஜோடி எருது செத்தால் குடும்பமே கடனில் விழுந்த காலம் அது. எதையாவது முன்கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதா என்ற பதைப்பு இருந்திருக்கும். சுழி மாடு வந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஊரே முப்பது வருஷம் அதைப் பேசும். ஒன்றும் நடக்காத வீடுகளை யார் கணக்கு வைத்தார்கள்?

அப்பாவுக்கு ஆதரவாக ஒரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற விலங்கியல் பேராசிரியரும் உடன் இருந்தவர்களும் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே இருக்கிற மாடுகள், கூண்டில் அடைத்துப் பிடிக்கும்போது மற்றவற்றைவிட அதிகம் மிரண்டன என்று அதில் கண்டார்கள். ஆக, சுழியைப் பார்ப்பதே மடத்தனம் என்று அவரிடம் பேச்சைத் தொடங்காதீர்கள். ஆனால் அது நெற்றி, அது மாட்டின் குணம். முதுகு மயிர் சுழல்வதற்கும் உங்கள் வீட்டார் ஆயுசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கெடுவது ஒன்றுதான், சந்தை விலை. அதிலும் பாதி தரகர் வேலை. விலை பேசத் துண்டுக்குள் விரல் பிடிப்பதற்கு முன்னால் முதுகைத் தடவி முகம் சுளித்துக் காட்டுகிறாரே, அந்தச் சுளிப்புக்கே சில ஆயிரம் இறங்கிவிடும். இப்படி நல்ல கிடாரிகளை வரிசையாகக் கழித்தால், ஏற்கெனவே குறைந்துவரும் இனத்தில் ரத்த வழிகளும் குறைந்துகொண்டே போகும்.

தமிழய்யாவிடம் வருவோம். நீங்கள் அனுப்பிய பாட்டில் ஒரு வரியில் 'ஆடு மேய்க்கும் கிழவி' என்று வருகிறது. வெண்பாவில் மாச்சீருக்குப் பின்னால் நிரையசை, அதாவது குறிலில் தொடங்கி இரண்டு எழுத்து சேர்ந்து ஒலிக்கிற அசை, வர வேண்டும். 'ஆடு' தேமா, மாச்சீரில் ஒரு வகை. அடுத்து வருகிற 'மேய்க்கும்', 'மேய்' என்ற தனி நெடிலில், அதாவது நேரசையில் தொடங்குகிறது. சிவப்பு மை சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்த இடத்தில் ஓசை தடுக்குவது உங்களுக்கே கேட்கும். 'ஆடு மறிக்கும் கிழவி' என்று மாற்றினால் 'மறி' நிரையசை, தளை சேர்ந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். மேய்ப்பது யாரும் சொல்கிற பொதுச் சொல். மறிக்கும் என்றதும், அடுத்தவன் காட்டுக்குள் பாயப் போகிற ஆட்டுக்குக் குறுக்கே குச்சியோடு நிற்கிற கிழவி கண்முன் வந்துவிடுகிறாள். தளை நெருக்கியிராவிட்டால் நீங்கள் இந்தச் சொல்லைத் தேடிப் போயிருக்க மாட்டீர்கள். வெண்பா எழுதும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுதுவது என்று ஆன பிறகு வெண்பாவுக்கு ஆகாத கனிச்சீரையும் ஆசிரியத்தளையையும் உள்ளே விட்டுவிட்டு 'இதுவும் வெண்பாதான்' என்று சொல்ல முடியாது.

அதே சமயம், வெண்பா இல்லாததெல்லாம் பாட்டே இல்லை என்கிறாரே, அங்கே ஐயா அப்பா மாதிரி பேசுகிறார். ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' என்ற வசன கவிதை 1934இல் 'மணிக்கொடி' இதழில் வந்தது. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தார். தமிழ் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவர் மதிக்கிற தொல்காப்பியமே செய்யுளின் எட்டு வனப்புகளில் (அழகுகளில்) ஒன்றாக 'விருந்து' என்று ஒன்றைச் சொல்கிறது. 'விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே' என்ற நூற்பாவை, அதாவது புதிதாகச் சொன்ன யாப்பில் வருவதே விருந்து என்பதை, அவருக்கு எழுதிக் காட்டுங்கள், சிவப்பு மை வேண்டாம். நீங்கள் அனுப்பிய இன்னொன்றான கிணற்றுப் பாட்டை வெண்பாவுக்குள் திணிக்காமல் வசனமாகவே விடுங்கள். அதில் வருகிற நீளமான பேச்சு வரிகளை நாலு சீருக்கு வெட்டினால் உயிர் போய்விடும்.

கிடாரிக்கு வருகிறேன். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அப்பா முன்னாலேயே ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் அப்பா பயப்படுவது உங்களுக்கும் அம்மாவுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான், அதனால் குரலை உயர்த்தாமல் பேசுங்கள். ஓர் ஈற்று வரைக்குமாவது, ஒரு கன்று போடும் வரைக்குமாவது, வைத்திருக்கலாமா என்று கேளுங்கள். அம்மாவைக் கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது. விற்றே தீருவேன் என்றால் சந்தைக்கு ஓட்ட விடாதீர்கள். சுழியை விட்டுவிட்டுத் தாய் வழி, காளை வழி கேட்டு வாங்குகிற வளர்ப்பாளர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நேரில் பேசுங்கள், சுழி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து விற்று நாளைக்கு வாங்கினவர் வீட்டுப் பெரியவர் கண்ணில் பட்டால், அங்கிருந்து அது நேராக அடிமாட்டு வண்டிக்குத்தான் போகும்.