தென் மாவட்டத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன நீதிபதிகளில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். மதுரையில் முப்பது வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை, கேஸ் கட்டுத் தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1942இல் பிறந்தவர். 1990இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். அப்புறம் கேரளா, ராஜஸ்தான், ஆந்திரா. கடைசி இரண்டிலும் தலைமை நீதிபதி. 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 65 வயது முடிந்த 2007 மார்ச்சில் ஓய்வு. ஆக டெல்லியில் நாலே கால் வருஷம்தான். ஓய்வு பெற்றபின் உச்ச நீதிமன்ற நீதிபதி இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் வாதாட முடியாது. ஆனால் அதற்கப்புறம் அவர் செய்த இரண்டு வேலைகளுக்காகத்தான் அவர் பெயரைச் சொல்கிறேன்.

முதலாவது முல்லைப் பெரியாறு. அணையின் பாதுகாப்பை ஆராய 2010இல் உச்ச நீதிமன்றம் அமைத்த ஏ.எஸ். ஆனந்த் குழுவில் தமிழ்நாட்டின் சார்பில் இவர், கேரளத்தின் சார்பில் கே.டி. தாமஸ். அணை பலமாகத்தான் இருக்கிறது என்று 2012இல் குழு அறிக்கை கொடுத்தது. 2014 மே மாதம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. வைகைத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பலருக்குத் தெரியாது. சட்டச் சீர்திருத்தம் பற்றி மத்திய அரசுக்கு யோசனை சொல்லும் சட்ட ஆணையத்தின் தலைவராக இருந்தபோது 2009இல் அவர் கொடுத்த 229வது அறிக்கை. அரசியல் சாசன வழக்குகள் டெல்லியில் இருக்கட்டும், மற்ற மேல்முறையீடுகளை விசாரிக்க நாட்டின் நான்கு திசைக்கும் அமர்வுகள் வேண்டும், தெற்கே சென்னையிலோ ஹைதராபாத்திலோ ஒன்று அமையலாம் என்றார். உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு வெளியேயும் உட்காரலாம் என்று சாசனத்தின் 130வது பிரிவு ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது.

தூரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வரும் வரை ஹைகோர்ட் என்றால் சென்னைதான். சாயங்காலம் கேஸ் கட்டுகளைக் கித்தான் பையில் போட்டுக்கொண்டு பாண்டியன் ரயிலில் ஏறுவேன். கூடவே கட்சிக்காரரும் வருவார். மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், மஞ்சப்பையில் பத்திரத்தை வைத்து, ராத்திரி முழுக்க அதைத் தலைக்குக் கீழே வைத்தபடி படுத்திருப்பார். காலையில் எழும்பூரில் இறங்கி, பல் விளக்கி, கோர்ட்டுக்குப் போனால் அன்றைக்குக் கேஸ் ரீச் ஆகாது, அதாவது விசாரணைக்கே வராது. மறுபடி ராத்திரி ரயில். அந்த அம்மா இப்படி ஆறு தடவை வந்தார். கிளை வந்தபின் அதே அம்மா, அது இருக்கும் ஒத்தக்கடைக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். யானைமலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

அவர் கேஸ் இங்கே ஜெயித்தது. எதிர்த்தரப்பு டெல்லிக்கு அப்பீல் போய்விட்டது. நோட்டீஸை வாசித்துக் காட்டினேன்.

"நான் அங்க வரணுமா தம்பி?"

"வேண்டாம்மா. வக்கீல் பாத்துக்குவாங்க."

"இத்தன வருசம் என் கேஸ நான்தானப்பா வந்து பாத்தேன்" என்றார். பத்திரத்தை மஞ்சப்பையில் திரும்ப வைத்து, பையின் வாயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.