கேளுங்க சொல்றேன்: கில்நாக்கி எங்க சார் இருக்கு?

கே: போன வாரம் ராத்திரி தூக்கம் வராம டிவிய போட்டா ஒரு ஃபுட்பால் படம் பாதியில ஓடிட்டு இருந்துச்சு. ஸ்காட்லாண்ட்ல கடலோர ஊரு, சின்ன டீம், ‘காட்ஃபாதர்’ல வக்கீலா வர்றவருதான் மேனேஜர். என்ன படம் சார் அது? (வாசகர், திண்டுக்கல்)

ப: ‘எ ஷாட் அட் க்ளோரி’, 2000ல வந்தது. மேனேஜர் ராபர்ட் டுவால், டீமை வாங்கின அமெரிக்க ஓனர் மைக்கேல் கீட்டன், நம்ம பழைய பேட்மேன். கில்நாக்கின்னு ஒரு ஊர் டீம், செகண்ட் டிவிஷன், அதாவது அப்போ கணக்குக்கு மேல இருந்து மூணாவது படி, ஸ்காட்டிஷ் கப்ல ஒவ்வொரு ரவுண்டா தாண்டி போயிட்டே இருப்பாங்க. முடிவை சொல்ல மாட்டேன், மிச்ச பாதியையும் பாருங்க. டுவாலோட ஸ்காட்டிஷ் உச்சரிப்பை அந்த ஊர்க்காரங்களே கிண்டல் பண்ணினாங்க, நமக்கு எப்படியும் சப்டைட்டில்தான், அதனால ஒரு நஷ்டமும் இல்ல.

கே: அதுல ஸ்டார் ப்ளேயரா வர்றவர் நடிகர் மாதிரியே இல்லையே, பந்து காலோட ஒட்டிக்கிட்டு போகுது? (வாசகி, சிவகாசி)

ப: கண்ணு வச்சு பாத்திருக்கீங்க. அவர் ஆலி மெக்காய்ஸ்ட், ஒரிஜினல் ப்ளேயர். க்ளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்கு 1983ல இருந்து 1998 வரைக்கும் 15 வருஷம் ஆடி 355 கோல் அடிச்சவர், அந்த க்ளப்போட வரலாற்றுலயே அதுதான் டாப். கூத்து என்னன்னா படத்துல இவர் பழைய செல்டிக் ஸ்டார்! ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் ஒரே ஊர்ல எலியும் பூனையும், அது வெறும் ஆட்டப் பகை இல்ல, ரேஞ்சர்ஸ் பக்கம் ப்ராட்டஸ்டன்ட், செல்டிக் பக்கம் அயர்லாந்துல இருந்து பொழைக்க வந்த கத்தோலிக்கர். செல்டிக்ல ஆடின மோ ஜான்ஸ்டன் 1989ல ரேஞ்சர்ஸ்ல சேர்ந்தப்போ ரேஞ்சர்ஸ் ரசிகர்களே ஸ்கார்ஃபை கொளுத்தினாங்க, காரணம் அவர் கத்தோலிக்கர். அப்படிப்பட்ட ஊர்ல மெக்காய்ஸ்ட்டை கொண்டு போய் செல்டிக் ஆளுன்னு காட்டி, போதாததுக்கு கடைசியில ரேஞ்சர்ஸுக்கு எதிராவே ஆட விட்டிருக்காங்க பாருங்க, அந்த டைரக்டருக்கு தைரியம் ஜாஸ்திதான்.

கே: மூணாவது படியில இருக்கற டீம் ஃபைனல் வரைக்கும் போறதெல்லாம் ஓவர் சினிமாத்தனம் இல்லையா? அதுல வேற அந்த ஓனர் டீமையே தூக்கிட்டு அயர்லாந்து போவேன்னு மிரட்டுறான். காதுல பூ சுத்துறாங்களா? (வாசகர், பாண்டிச்சேரி)

ப: நானும் அப்படித்தான் நெனச்சேன், 2006 வரைக்கும். அந்த வருஷம் மே மாசம் ஸ்காட்டிஷ் கப் ஃபைனல்ல ஹார்ட்ஸ் டீமுக்கு எதிரா நின்னது யாருன்னா கிரெட்னா. இங்கிலாந்து எல்லையை ஒட்டி, சுமார் 3,000 பேர் இருக்கற ஊரு. அதே செகண்ட் டிவிஷன், அதே மூணாவது படி. ஹாம்ப்டன் பார்க்ல 50 ஆயிரம் பேருக்கு மேல உக்காந்திருக்காங்க, ஹார்ட்ஸ் ஒரு கோல் முன்னாடி, கிரெட்னாவுக்கு ஒரு பெனால்டி கெடைக்குது, மெக்கஃபி அடிக்கறார், கீப்பர் தடுத்துட்டார், பந்து திரும்பி அவர் காலுக்கே வருது, உள்ள தள்ளிட்டார். 1-1. அப்புறம் பெனால்டி ஷூட் அவுட்ல 4-2ன்னு தோத்தாங்க, கடைசியா அடிச்ச பந்து மேல் கம்பியில பட்டு திரும்பிடுச்சு. எந்த திரைக்கதை ஆசிரியராவது இப்படி எழுதிட்டு போனா தயாரிப்பாளர் கதவை காட்டியிருப்பார்.

ஆனா அந்த டீம் எழுந்ததும் விழுந்ததும் ஒரே ஆளோட பர்ஸை நம்பித்தான். ப்ரூக்ஸ் மைல்சன்னு ஒரு பணக்காரர், அவர் காசுல வரிசையா மூணு வருஷம் ப்ரமோஷன் வாங்கி 2007ல ஸ்காட்லாண்டோட முதல் படியான ப்ரீமியர் லீக்குக்கே போயிட்டாங்க. சொந்த கிரவுண்ட் அந்த லீக் விதிக்கு பத்தல, அதனால ரொம்ப தூரத்துல மதர்வெல் கிரவுண்டை வாடகைக்கு எடுத்து ஆடினாங்க. அடுத்த வருஷமே மைல்சனுக்கு உடம்பு முடியாம போச்சு, பணம் நின்னுச்சு, ஒரு மேட்சுக்கு வந்த கூட்டம் மொத்தம் 431 பேர். 2008லயே க்ளப்பை இழுத்து மூடிட்டாங்க. மைல்சனும் அதே வருஷம் இறந்துட்டார்.

டீமை தூக்கிட்டு போற விஷயமும் அப்படியே நிஜம். எடின்பரோ டீம் மெடோபேங்க் திஸ்ஸில் 1995ல லிவிங்ஸ்டன் ஊருக்கு போய் பேரையும் மாத்திக்கிச்சு. க்ளைட்பேங்க்னு ஒரு ஸ்காட்டிஷ் க்ளப்பை நிஜமாவே டப்ளினுக்கு கொண்டு போக 90களோட கடைசியில பேச்சு நடந்துச்சு, படத்துல கீட்டன் சொல்ற அதே டப்ளின்! அது நடக்கல. ஆனா 2002ல ஏர்ட்ரி ஊர் டீம் திவாலானப்போ, அந்த ஊர்க்காரங்க க்ளைட்பேங்க் க்ளப்பை வாங்கி, பேரை மாத்தி, தங்களோட ஊருக்கு கொண்டு போயிட்டாங்க. ஏர்ட்ரிக்கு டீம் கெடைச்சுது, க்ளைட்பேங்க் ரசிகன் சனிக்கிழமை மத்தியானம் எங்க போவான்? அதனால ஓனர் வர்ற சீன்லாம் எனக்கு காமெடியா தெரியல.

கே: கில்நாக்கிக்கு போகணும்னா எந்த ஊர் ஏர்போர்ட்? (வாசகர், ஈரோடு)

ப: அப்படி ஒரு ஊரே இல்லங்க! படம் பிடிச்சது ஃபைஃப் பக்கம் க்ரெயில்னு ஒரு துறைமுக கிராமத்துல. எடின்பரோ இறங்குங்க.

கே: சின்ன டீம் கப்பை ஜெயிச்சதே இல்லையா? (வாசகி, கும்பகோணம்)

ப: அதே ஃபைஃப் பக்கத்து ஈஸ்ட் ஃபைஃப் டீம் 1938ல ஜெயிச்சிருக்கு, ரெண்டாவது டிவிஷன்ல (அப்போ அது மேல இருந்து ரெண்டாவது படி) இருந்துக்கிட்டே. அதுக்கப்புறம் அப்படி ஜெயிச்சது 2016ல ஹிபர்னியன்தான், ஆனா அவங்க பெரிய டீம், கீழ இறங்கியிருந்த நேரம். 114 வருஷமா கப்பை தொடாதவங்க, ரேஞ்சர்ஸை 3-2ன்னு கடைசி நிமிஷத்துல அடிச்சாங்க. விசில் ஊதினதும் கூட்டம் கிரவுண்டுக்குள்ள பூந்து புல்லையெல்லாம் பேத்து எடுத்துட்டு போயிடுச்சு, கோல் போஸ்ட்டையும் உடைச்சுட்டாங்க.